மனு பார்க்கப் போகிறவள்

சிறைச்சாலைக்குத் தமிழில் ஒரு செல்லப்பெயர் உண்டு: மாமியார் வீடு. திரைப்பட நகைச்சுவையில் வரும், காவலர் வாயில் வரும், டீக்கடையில் நண்பர்கள் ஒருவரையொருவர் சீண்டும்போதும் வரும். “ரெண்டு மாசமா ஆளையே காணோமே, மாமியார் வீடா?” இந்தப் பகடி ஓர் ஆணின் அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதை விளக்கத் தேவையில்லை. உட்கார்ந்த இடத்துக்கு மூன்று வேளையும் சோறு வரும் இடம் அவனுக்கு மாமியார் வீடு. பெண்ணிடம் கேட்டிருந்தால் அவளும் சிறையை மாமியார் வீடு என்றே சொல்லியிருக்கக்கூடும். ஆனால் காரணம் வேறு. எத்தனை மணிக்கு எழுவது, யாரிடம் கேட்டுவிட்டு வெளியே போவது, பெற்றவர்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதையெல்லாம் இன்னொருவர் தீர்மானிக்கும் இடம் அது.

இந்தப் பகடியில் மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். அவளை யாரும் கவனிப்பதில்லை. உள்ளே இருப்பவனுக்குச் சோப்பும் துண்டும் மாற்று உடையும் எடுத்துக்கொண்டு வெளியே வரிசையில் நிற்பவள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நூற்றுக்கு நான்கு பேர்தான் பெண்கள். சிறைவாசலில் ஒருமுறை போய் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அம்மா, மனைவி, அக்கா, இடுப்பில் குழந்தையோடு தங்கை, எப்போதாவது ஓர் அப்பா. அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது: சிறையில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. அப்படியானால் வெளியே நிற்கும் பெண்களில் பெரும்பாலோர், இன்னும் வழங்கப்படாத ஒரு தண்டனையின் பாதியைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். ஆவணத்தில் கைதியின் வயதுக்கும் படிப்புக்கும் சாதிக்கும் கட்டம் உண்டு. அந்தப் பெண்கள் இழந்த கூலிக்குக் கட்டம் கிடையாது.

நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான். அடைபட்ட ஒருவனைப் போய்ப் பார்ப்பதும், அவனுக்காக அலைவதும், அவனை வெளியே கொண்டுவருவதும் அன்பா, கடமையா, உரிமையா? மூன்றும்தான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பெண்ணிடம் அன்பு என்ற பெயரில் கடமை வாங்கப்படும் ஊரில், உரிமை என்ற சொல் அவள் பக்கம் வருவதேயில்லை.

முதலில் அந்த வேலை என்ன என்பதைப் பார்ப்போம். ஓசூர்ச் சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் ஒன்றில் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறாள் ஒருத்தி. கணவனைக் காவலர்கள் அழைத்துப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எந்தக் காவல் நிலையம்? தமிழ்நாட்டுப் போலீசா, கர்நாடகப் போலீசா? ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. வேலைக்காக ஒரு நாளில் இரண்டு முறை மாநில எல்லையைக் கடப்பவர்கள் இங்கே ஏராளம். வழக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் சிறை பரப்பன அக்ரகாரம். ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் படிவமும் பேச்சும் கன்னடம். இந்தப் பக்கம் என்றால் சிறு வழக்குக்குக் கிளைச்சிறை, பெரிய வழக்குக்கு சேலம் மத்திய சிறை. அது சுமார் 160 கிலோமீட்டர். மொழி தெரிந்த சிறை தொலைவில், பக்கத்துச் சிறை வேறு மொழியில். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வேலைக்கு வந்தவளுக்கு இரண்டுமே வேறு மொழிதான்.

சட்டம் அவளுக்காகவும் சிலவற்றை எழுதி வைத்திருக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. கைது செய்த நேரத்தையும் தேதியையும் குறித்துக் குறிப்பாணை எழுத வேண்டும், அதில் குடும்பத்தினரோ அப்பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 48ஆம் பிரிவும் அந்தத் தகவலைச் சொல்லும் கடமையைக் காவல்துறைமீது வைக்கிறது. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைக்கும். பெண் என்பதாலேயே அந்தப் பெண்ணுக்கும் கிடைக்கும். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அது. தொலைபேசி எண் 15100. இதைப் படிக்கும் மாணவிகள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். யாருக்காவது நடுராத்திரியில் தேவைப்படும்.

பிறகு ஜாமீன். ஜாமீன் கிடைத்துவிட்டது என்பதற்கும் ஆள் வெளியே வந்துவிட்டான் என்பதற்கும் இடையில் ஒரு பெண்ணின் கால்நடை இருக்கிறது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். சொத்துப் பத்திரமோ வரி ரசீதோ உள்ளவர்கள், அதுவும் உள்ளூரில். வாடகை வீட்டில் இருப்பவள் யாரிடம் போய்க் கேட்பாள்? வீட்டு உரிமையாளரிடம், மேஸ்திரியிடம், ஆளெடுக்கும் காண்ட்ராக்டரிடம். ஒவ்வொருவரிடமும் கணவனின் கதையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரின் பார்வையையும் தாங்க வேண்டும். கையெழுத்துக்கு என்ன விலை என்று அவர்கள் வாயால் சொல்லாமல் சொல்வதைப் புரியாததுபோல நிற்க வேண்டும். மோதிராம் வழக்கில் 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைத்தான் எடுத்துப் பேசினார். ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, ஜாமீன் தந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்த வழக்கு அது. தமிழரோ கன்னடரோ மலையாளியோ வடக்கே எங்கோ கைதானால் அந்த ஊரில் சொத்துள்ளவரை எப்படித் தேடிப் பிடிப்பார் என்று அவர் கேட்டார். இன்று ஓசூரில் அந்தக் கேள்வி திசை மாறி நிற்கிறது. வடக்கிலிருந்து வந்தவர்கள் அதைக் கேட்கிறார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும், உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அதை விதிக்காமல் இருக்கலாம் என்றது. இடையில் 45 ஆண்டுகள். அத்தனை காலமும் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தவை பெண்களின் கால்கள்.

தமிழகச் சிறைகளில் உறவினர் சந்திப்புக்கு வழங்கும் சொல் ‘மனு’. மனு போடுவது, மனு பார்க்கப் போவது, “இன்னைக்கு உனக்கு மனு வந்திருக்கு.” விண்ணப்பத்தின் பெயரே சந்திப்பின் பெயராகிவிட்டது. பெற்ற பிள்ளையைப் பார்க்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை, மனு பார்க்கிறோம் என்கிறார்கள். சொல்லைச் சேகரிப்பவள் என்பதால் இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

என் தம்பி சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலைநிறுத்தத்தை ஒட்டிப் போடப்பட்ட வழக்கில் பதினாறு நாள் ஒரு கிளைச்சிறையில் இருந்தான். பின்னாளில் அந்த வழக்கு நிற்கவில்லை. அம்மாவும் தம்பி மனைவியும் நானும் மனு பார்க்கப் போனோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு ஆண்கள், இந்தப் பக்கம் இருபது பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த வேண்டும், இல்லாவிட்டால் கேட்காது. மனைவி கணவனிடம் ரகசியமாகச் சொல்ல வேண்டியதும் கத்தியே சொல்லப்பட்டது. அந்த இரைச்சலில் எல்லார் வாயிலிருந்தும் வந்தது ஒரே சொல்: “சாப்பிட்டியா?” உள்ளிருந்தும் அதே சொல் திரும்பி வந்தது. “நீ சாப்பிட்டியாம்மா?” அடித்தார்களா, பயமாக இருக்கிறதா, என்னை மறந்துவிட மாட்டாயே, குழந்தை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறது, எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் போய் அடங்கின. “நேரமாச்சும்மா, நகருங்க” என்று காவலர் சொன்னபோது தம்பி மனைவி இன்னும் எதையும் பேசியிருக்கவில்லை. மாமியார் பேசட்டும் என்று அவள் ஓர் அடி பின்னால் நின்றிருந்தாள். சிறையிலும் வீட்டின் வரிசை மாறவில்லை.

இந்தச் சந்திப்பு சலுகை அல்ல என்பதை நிலைநாட்டியதும் ஒரு பெண்ணின் வழக்குதான். பிரான்சிஸ் கோரலி முல்லின் என்ற பிரிட்டிஷ் பெண் விசாரணையின்றித் திகார் சிறையில் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். ஐந்து வயது மகளையும் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட சகோதரியையும் மாதம் ஒருமுறைதான் சந்திக்கலாம் என்றது விதி. உயிர்வாழும் உரிமை என்பது விலங்கைப்போல உயிரோடு இருப்பது மட்டுமல்ல, மனித மாண்போடு வாழ்வது, அதில் குடும்பத்தையும் நண்பர்களையும் சந்திப்பது அடங்கும் என்று 1981 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த விதி செல்லாது என்றது. பெரிய தீர்ப்பு. இருந்தாலும் அதில் உரிமையாளர் கைதிதான். அந்த ஐந்து வயதுக் குழந்தைக்கு அம்மாவைப் பார்க்கும் உரிமை தனியாக உண்டா? வெளியே இருப்பவள் யாருடைய உரிமையின்மீதும் தொங்காமல், தன் பெயரிலேயே, “எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்” என்று சொல்ல முடியுமா? நம் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் இலக்கியம் சிறையை இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறது. புறநானூற்றின் 74ஆம் பாடலைப் பாடியவனாகச் சொல்லப்படும் சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டு, அது காலம் தாழ்த்திக் கொடுக்கப்பட்டதால் குடிக்காமல் உயிர்விட்டவன். மானத்துக்கு எடுத்துக்காட்டாக இதைத் தலைமுறை தலைமுறையாக வகுப்பில் நடத்துகிறோம். அவனுக்காக யார் காத்திருந்தார்கள் என்று எந்த உரையும் கேட்பதில்லை. மணிமேகலை வேறு வழியில் போகிறாள். காயசண்டிகையின் உருவத்தோடு அமுதசுரபியை ஏந்திச் சிறைக்கோட்டத்துக்குள் நுழைந்து அங்குள்ளவர்களுக்குச் சோறிடுகிறாள். செய்தி சோழ மன்னனுக்குப் போகிறது. உனக்கு என்ன வேண்டும் என்று அவன் கேட்கும்போது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரும்படி கேட்கிறாள். ஒருவரிடமும் நீ என்ன குற்றம் செய்தாய் என்று அவள் கேட்கவில்லை. அவர்களில் யாரும் அவளுக்குக் கணவனோ மகனோ அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். பசியைத் தவிர வேறு உறவு இல்லை. அடுத்து வரும் காதைகளில் அவளே சிறைப்படுகிறாள். சோறிட்டவள் சிறைப்பட்டபோது அவளைப் பார்க்க யார் போனார்கள்? அரசமாதேவி விடுவித்து அழைத்துப் போகிறாள், ஆனால் கொடுமை செய்வதற்காக. இந்த இடத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும்.

அப்படி ஒரு வகுப்புக்குப் பிறகு ஒரு முதுகலை மாணவி வந்து நின்றாள். அவள் அப்பா சிறையில் இருந்தார். புகார் கொடுத்தவர் அவள் அம்மா. பல வருட அடிக்குப் பிறகு, ஒருநாள் உயிருக்கே ஆபத்து என்றானபின் கொடுத்த புகார். இப்போது உறவினர்கள் வீடு தேடி வருகிறார்கள். “அவன் உள்ள கெடக்கறான், நீ இங்க நிம்மதியாச் சோறு திங்கற. ஒருவாட்டி போய்ப் பாரு. பாவம்.” மாணவி என்னிடம் கேட்டது: “அம்மா போய்ப் பாக்கலைன்னா அது பாவமா மேடம்?”

உறவினர்கள் சொன்ன பாவமும் அவள் கேட்ட பாவமும் ஒரே சொல். இரங்கத்தக்கவனையும் பாவம் என்கிறோம். செய்யத்தகாததையும் பாவம் என்கிறோம். ஆணைப் பொறுத்தவரை இந்த இரண்டு பொருளும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. பெண்ணிடம் வரும்போது மட்டும் இரண்டும் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. அவன் பாவம் என்று அவளுக்குத் தோன்றாவிட்டால், அவள் பாவம் செய்தவள். அடித்தவனின் நிலைக்கு இரங்கும் பொறுப்பு அடிபட்டவளிடமே கொடுக்கப்படுகிறது.

நான் அந்த மாணவியிடம் சொன்னேன்: “போகலாம், போகாமலும் இருக்கலாம். ரெண்டுக்கும் அம்மா யார்கிட்டயும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.” அவள் உடனே போகவில்லை. சிறிது நேரம் கழித்து, “நான் போனா?” என்றாள். சின்ன வயதில் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன அப்பாவும் அவர்தான். அம்மாவுக்குத் துரோகம் செய்யாமல் அவரைப் பார்க்க முடியுமா என்பதே அவளுடைய உண்மையான கேள்வி.

முடியும் என்றுதான் நினைக்கிறேன். பார்க்கப் போவது சாட்சி சொல்வதல்ல. அவன் குற்றமற்றவன் என்று அறிவிப்பதும் அல்ல, மன்னித்துவிட்டேன் என்பதும் அல்ல. வழக்கு ஒரு மனிதனை ஒரு நாளின் ஒரு செயலாகச் சுருக்குகிறது. நீதிமன்றத்துக்கு அது தேவை. அவனை அதற்கு முன்பிருந்தே தெரிந்தவர்களால் அப்படிச் சுருக்க முடியாது. அவன் செய்ததையும் தெரிந்து, அவனையும் தெரிந்து, இரண்டில் எதையும் பொய்யாக்காமல் கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பது கடினமான அறம். பெண்ணியம் பேசும் நாம் பாதிக்கப்பட்டவள் பக்கம் நிற்கிறோம். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவனின் தாய் சிறைவாசலில் நிற்கும்போது, “வளர்த்த லட்சணம்” என்று ஊர் அவள்மீது காறித்துப்புவதில் நாமும் சேர்ந்துகொண்டால், ஆணின் குற்றத்துக்குப் பெண்ணைத் தண்டிக்கும் பழைய வேலையைத்தான் செய்கிறோம். ஒரு கோடு மட்டும் அழியாமல் இருக்க வேண்டும். மகனைப் பார்க்கச் சிறைக்குப் போவது வேறு. வழக்கை வாபஸ் வாங்கு என்று கேட்கப் பாதிக்கப்பட்டவளின் வீட்டுக்குப் போவது வேறு. முதலாவது அவளுடைய உரிமை. இரண்டாவதற்கு எந்தத் தாய்மையும் சமாதானம் ஆகாது.

அந்த மாணவி போனாள். அம்மா போகவில்லை. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஒருவரையொருவர் குறை சொல்லாமல்.

நமக்கு அருகிலேயே, ஜோலார்பேட்டையில் இருக்கிறார் அற்புதம்மாள். 1991 ஜூனில், விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்ற சொல்லை நம்பி 19 வயது மகன் பேரறிவாளனை அனுப்பி வைத்தவர். 2011 செப்டம்பர் 9 என்று மகனைத் தூக்கிலிட நாள் குறித்து, பிறகு அதற்கு உயர் நீதிமன்றம் தடை விதித்ததையும், 2014 பிப்ரவரியில் தூக்கு ஆயுளாகக் குறைந்ததையும் பார்த்தவர். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுவிக்கும்வரை, 31 ஆண்டுகள் சிறைவாசல்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் அமைச்சர் வீடுகளுக்கும் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அவரை வீரத்தாய் என்று கொண்டாடுகிறோம். கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் தாய் என்றால் இப்படித்தான் என்று சொல்லி முடித்தால், அவர் சட்டம் கற்றதையும் கூட்டங்களில் பேசக் கற்றதையும் மரண தண்டனையே கூடாது என்ற நிலைப்பாட்டுக்கு வந்ததையும் இயற்கையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அவை அவர் உழைத்துச் சேர்த்த அறிவு. அதோடு, 31 ஆண்டுகள் நடக்க முடியாத தாய்மார்களுக்கு அந்தப் புகழுரை ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. ஒரு ஷிப்ட் போனால் வாடகை இடிக்கும் என்பதால் மாதம் ஒருமுறைகூட சேலத்துக்குப் போகமுடியாதவள் அன்பில்லாதவள் அல்ல.

பெண் உள்ளே போனால் என்ன ஆகிறது? 2014 செப்டம்பர் 27 முதல் 21 நாள் ஜெயலலிதா பரப்பன அக்ரகாரத்தில் இருந்தபோது ஓசூர்ச் சாலை முழுக்கக் கட்சிக்காரர்கள். அமைச்சர்கள் சிறைக்கு வெளியே காத்துக் கிடந்தது செய்தியாயிற்று. ஒரு பெண்ணைக் காண ஆண்கள் சிறைவாசலில் வரிசையில் நிற்க, அவள் முதலமைச்சராக இருந்திருக்க வேண்டியிருக்கிறது. சாதாரணப் பெண் சிறைக்குப் போனால் வீடு அவள் பெயரைச் சொல்வதை நிறுத்திக்கொள்கிறது. கணவன் வருவது அரிது. வந்தால் அவளுடைய அம்மா வருவாள், அதுவும் தெரியாமல். அடைபட்டவனைப் பார்ப்பது மனித இயல்பான பாசம் என்றால் அது இரண்டு பக்கமும் ஓடியிருக்க வேண்டும். ஒரே பக்கமாக ஓடுகிறது என்பதால்தான் அதை வேலை என்கிறேன். யாருக்கு எந்த வேலை என்பதை வீடு முன்பே பிரித்து வைத்திருக்கிறது.

வேலை என்று ஒப்புக்கொண்டால் அதைப் பங்கு போடலாம். ஒருத்தி தனியாகச் சுமந்தால்தான் பாசம் என்ற கட்டாயம் போய்விடும். விடியற்காலை பேருந்தில் சேலம்வரை ஒருத்தியுடன் கூடப்போவது, கன்னடத்தில் இருக்கும் தாளை அவளுக்குப் படித்துச் சொல்வது, அவள் குழந்தையை அன்றைக்குப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி, ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய வழக்காக இல்லாமல், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால், வேறு வழக்குகள் நிலுவையில் இல்லாதபோது அவரைப் பிணையில் விட வேண்டும் என்றும், அதற்கு எழுதிக் கேட்கும் கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கு உண்டு என்றும் புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவு சொல்வதை அவளுக்கு எடுத்துச் சொல்வது. இவற்றுக்கு ரத்த உறவு தேவையில்லை. மணிமேகலைக்கும் இருக்கவில்லை.

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: துணை. துணைக்குப் போகிறவள் வழக்கை விசாரிப்பதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை, வழியில் உடன் நடக்கிறாள். மனு பார்க்கப் போகிறவளுக்கு ஒரு துணை வேண்டும். போகமாட்டேன் என்று முடிவெடுத்தவளுக்கும், உறவினர்கள் வந்து கதவைத் தட்டும் அந்த மாலையில், வீட்டுக்குள் அவளோடு உட்கார்ந்திருக்க ஒரு துணை வேண்டும்.